துக்கத்தோடு தனியாக மலைக்குப் போய் மீன் பிடிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா ஊரில் தவறிப்போன வருடத்தில்தான் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்கு, முதுகில் கூடாரமும் கையில் தூண்டிலுமாக, தனியாகப் போக ஆரம்பித்தேன். அதற்கு முன்பும் அந்த மலைக்குப் போயிருக்கிறேன், ஆனால் கூட்டத்தோடு. இப்போது தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு சாவு, ஒரு விவாகரத்து, ஒரு வேலை நீக்கம் என்றால், "நீங்க அந்த மலைக்குப் போவீங்களே, நானும் போகலாமாக்கா?" என்று ஒரு போன் வருகிறது. எல்லோரிடமும் சொன்னதைச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. மலை, மீன், துக்கம் மூன்றையும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு நடந்தவள், அவ்வளவுதான்.

மலைக்குப் போனால் துக்கம் குறையுமா?

குறையாது. முதல் நாள் அதிகமாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது ஆபீஸ் மீட்டிங், பிள்ளைகளின் ஹோம்வொர்க், ராத்திரி ஒரு சீரியல் என்று எதையாவது மேலே போட்டு அமுக்கி வைத்திருப்போம். சிக்னல் போய்விட்டால் அமுக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

அப்புறம் எதற்குப் போவது? அங்கே யாரும் "இப்ப எப்படி இருக்கே?" என்று கேட்க மாட்டார்கள். நன்றாக இருப்பதாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தட்ட முடியாத ஒரு சின்ன வேலை காத்திருக்கும்: தண்ணீர் வடிகட்ட வேண்டும், காற்று கிளம்புவதற்குள் கூடாரம் கட்ட வேண்டும், இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும். துக்கம் பாட்டுக்குத் துக்கமாக இருக்கும், கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்குப் போதுமா என்று என்னால் சொல்ல முடியாது.

யார் போகவே கூடாது?

செத்துப்போகலாமா என்ற எண்ணம் வந்து வந்து போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. "மலைக்குப் போனா சரியாயிடும்" என்று அந்த நேரத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும்தான். அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926. கூப்பிட்டுப் பேசுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், மலை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாவு நடந்த முதல் சில வாரங்களிலும் வேண்டாம். அப்போது நாம் சாவியை ஃப்ரிட்ஜில் வைப்போம், சிவப்பு விளக்கைத் தாண்டிக் கார் ஓட்டுவோம். அந்த நிலையில் 11,000 அடியில் பாறைக் குவியலைத் தாண்டுவது சரிப்படாது. புதிதாக மாத்திரை தொடங்கியவர்களும் டோஸ் மாற்றியவர்களும் உடம்பு நிலைப்படும்வரை பொறுக்க வேண்டும். மலைக்குப் போகிறேன் என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம்.

இதுவரை மலையேறியதே இல்லை. நேராகத் தனியாகப் போகலாமா?

கூடாது. முதலில் இரண்டு பேராக ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். கூடாரம் கட்டுவதையும் அடுப்புப் பற்றவைப்பதையும் அழுதுகொண்டே கற்றுக்கொள்ள முடியாது.

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் மலை ஏறக் கூடாது என்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத போனே இல்லை. எங்கள் வீட்டிலும் பழனி, திருப்பதி, திருத்தணி எதற்கும் ஒரு வருடம் போகவில்லை. அந்த வழக்கம் மலைக்கோயிலுக்கானது, தீட்டை ஒட்டியது. சியராவில் கோயில் இல்லை, கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை. சாஸ்திரப்படி இது சரியா என்று கேட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் பெரியம்மா சொன்னதை மட்டும் சொல்கிறேன். "சாமி கும்பிடப் போகலேல்ல? அப்ப போயிட்டு வா. தலைக்கு ஊத்திட்டு வீட்டுக்குள்ள வா." பதினாறாம் நாள் முடியும்வரை மீன் சாப்பிடக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். எனக்கு அதில் தகராறு இல்லை.

வருஷாப்திகம் முடியட்டும் என்று காத்திருப்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஒரு வருடம் அலையாமல் வீட்டில் இரு என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்ததில், சாவுக்குப் பிறகு புத்தி எப்படித் தடுமாறும் என்று தெரிந்த ஒருவரின் கணக்கும் இருக்கலாம்.

எந்த இடத்துக்குப் போவது? இடம் சொல்லுங்கள்.

முதல் தனிப் பயணத்துக்கு நான் சொல்வது கட்டன்வுட் ஏரிகள். சியராவின் கிழக்குச் சரிவில், லோன் பைன் என்ற சின்ன ஊருக்கு மேலே இருக்கின்றன. 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து விட்னி போர்ட்டல் சாலையில் திரும்பி, ஹார்ஸ்ஷூ மெடோஸ் சாலையில் ஏற வேண்டும். லோன் பைன் ஊர் கிட்டத்தட்ட 3,700 அடியில் இருக்கிறது. நடை தொடங்கும் இடம் 10,000 அடி. நடந்து ஏற வேண்டிய உயரத்தில் பெரும்பகுதியைக் காரே ஏறிவிடுகிறது. இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆபத்தைக் கீழே சொல்கிறேன்.

அங்கிருந்து ஏரிகளுக்கு ஐந்தரை மைல், ஏற்றம் 1,000 அடிக்குக் கொஞ்சம் கூட. பாதை தெளிவானது. முதல் பகுதி முழுக்க மணல் கலந்த தரையில் பைன் காடு. மேலே போகப் போக ஃபாக்ஸ்டெயில் பைன் மரங்கள் தனித்தனியாக, முறுக்கிப் பிழிந்தது மாதிரி நிற்கும். மரங்கள் முடிந்ததும் புல்வெளி, அதற்குப் பின்னால் வரிசையாக ஏரிகள், அவற்றுக்கு மேலே 14,000 அடிக்கும் உயர்ந்த லாங்லி சிகரம். துக்கத்தில் இருப்பவருக்கு இந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் அழகு இல்லை. வழி தவறுவது கஷ்டம், பெரிய ஆறு எதையும் கடக்க வேண்டியதில்லை, கோடையில் தினமும் நாலு பேர் எதிரே வருவார்கள், முடியவில்லை என்றால் அரை நாளில் காருக்குத் திரும்பிவிடலாம்.

ஜூலையில் கொசு பிய்த்துவிடும். செப்டம்பர் நல்ல மாதம். கொசு இல்லை, கூட்டம் குறைவு. ராத்திரியில் தண்ணீர் பாட்டில் உறையும் அளவுக்குக் குளிரலாம்.

பெர்மிட், லைசென்ஸ் என்னென்ன வேண்டும்?

ராத்திரி தங்க வனப் பெர்மிட் கட்டாயம். இந்தப் பகுதி இன்யோ தேசியக் காட்டின் கீழ் வருகிறது. மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கோட்டா உண்டு. அதில் 60 சதவீதத்தை ஆறு மாதம் முன்பே ஆன்லைனில் திறந்துவிடுவார்கள், மீதி 40 சதவீதம் இரண்டு வாரம் முன்பு திறக்கும். துக்கம் ஆறு மாதம் முன்பே சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால் இந்த 40 சதவீதம்தான் நமக்கானது. வார நடுவில் ஒரு ஆளுக்கு இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

16 வயது ஆன எல்லோருக்கும் கலிஃபோர்னியா மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். 2023 முதல் வாங்கிய தேதியிலிருந்து 365 நாள் செல்லும் லைசென்ஸ் வந்துவிட்டது. முன்பு போல டிசம்பரோடு காலாவதி ஆகாது. கேஸ் அடுப்புப் பற்றவைக்கக்கூட ஒரு இலவசக் கேம்ப்ஃபயர் பெர்மிட் உண்டு, ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். உயரத்தில் விறகு மூட்டக் கூடாது.

எந்த ஏரியில் எப்போது மீன் பிடிக்கலாம், எத்தனை எடுக்கலாம் என்ற விதி ஏரிக்கு ஏரி மாறும். கட்டன்வுட்டின் முதல் நான்கு ஏரிகளில் பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும், செயற்கை இரை மட்டும்தான். மண்புழு கொண்டுபோகாதீர்கள். அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

துக்கத்தில் இருக்கும்போது தனியாகப் போவதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கரடி, பாம்பு, திருடன் என்று கேட்பார்கள். நான் பயப்படுவது என் தலைக்குத்தான். துக்கத்தில் புத்தி பாதிதான் வேலை செய்யும். பசி தெரியாது. மேகம் கருத்தது கண்ணில் படும், மண்டையில் ஏறாது. பாதை பிரியும் இடத்தில் பலகை இருக்கும், அதைத் தாண்டி அரை மைல் போன பிறகுதான் நிற்போம். அதனால் பழைய தெம்பை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வழக்கமாக நாளைக்குப் பத்து மைல் நடப்பவர் ஐந்து மைல் போடுங்கள். மூன்று கணவாய் தாண்டும் ஆள் என்றால் ஒரு கணவாயும் வேண்டாம். ஏரிக் கரையில் கூடாரத்தைப் போட்டுவிட்டு அங்கேயே இரண்டு ராத்திரி இருங்கள். தினமும் கட்டிப் பிரித்து நகர்வதில்தான் பொருள் தொலையும், கால் பிசகும்.

நான் ஒரு அட்டையில் நேரத்தை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன்: 7 மணி சாப்பாடு, 10 மணி தண்ணீர், 12 மணி சாப்பாடு, வானம் பார், 2 மணிக்குள் கூடாரப் பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும், பரவாயில்லை. பசியை நம்பாமல் அட்டையை நம்பிச் சாப்பிட வேண்டிய நாட்கள் அவை.

வானம் பார் என்று எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு பழைய கதை. 1945 கோடையில், போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த பக்கத்து மன்சனார் முகாமிலிருந்து சிலர் வில்லியம்சன் சிகரப் பக்கம் மீன் பிடிக்கப் போனார்கள். கூடப் போன கீச்சி மட்சுமுரா, வயது 46, ஓவியம் வரைய வேண்டும் என்று வழியில் தனியாகத் தங்கிவிட்டார். கோடைக் காலத்திலேயே பனிப்புயல் அடித்தது. அவர் திரும்பவில்லை. பிறகு உடலைக் கண்டுபிடித்து அங்கேயே கற்களை அடுக்கிப் புதைத்தார்கள். 2019இல் மலையேறிகள் கண்ணில் எலும்புகள் பட்டு, மரபணுச் சோதனையில் அவர்தான் என்று உறுதியானது. கவனம் வேறொன்றில் இருக்கும் ஆளுக்கு மலை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

செல்போன் டவர் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வேண்டும். கார்மின் இன்ரீச் என்றால் இரண்டு பக்கமும் செய்தி போய்வரும், எஸ்ஓஎஸ் பொத்தான் உண்டு. ஐபோன் 14 முதல் வந்த போன்களிலும் செயற்கைக்கோள் அவசர வசதி இருக்கிறது. ஆனால் போனுக்குக் குளிரில் பேட்டரி படுத்துவிடும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

கருவி இருந்தாலும், ஊரில் ஒருவரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: எந்த இடத்திலிருந்து நடக்கிறேன், எந்த ஏரியில் தங்குவேன், கார் நம்பர், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் இன்யோ கவுன்ட்டி ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிட வேண்டும். "ஞாயிறு சாயங்காலம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "ஞாயிறு இரவு 9 மணி" என்று எழுதுங்கள். நம் ஆட்கள் "கொஞ்சம் பாப்போம், வந்துருவா" என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கரடி?

கலிஃபோர்னியாவில் இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான். அதற்கு வேண்டியது உங்கள் சாப்பாடு. கரடி டப்பா என்று திருகுமூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா உண்டு, இந்தப் பகுதியில் அது கட்டாயம். சாப்பாடு, பற்பசை, சன்ஸ்கிரீன், வாசனை வருகிற எல்லாம் அதற்குள்ளே போக வேண்டும். வாசனை விபூதியும்தான். டப்பாவைக் கூடாரத்திலிருந்து நூறடி தள்ளி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளுமா?

மேலே சொன்ன ஆபத்து இதுதான். கடல்மட்டத்து சான் ஹோசேயிலிருந்து காலையில் காரில் கிளம்பி மாலையில் 10,000 அடியில் இறங்கினால் தலைவலி, குமட்டல், சோர்வு வர வாய்ப்பு அதிகம். கார் நிறுத்தும் இடத்திலேயே ஒரு ராத்திரி மட்டும் தங்க அனுமதிக்கும் முகாம் இருக்கிறது. முதல் ராத்திரி அங்கே தூங்கி, மறுநாள் நடங்கள். தலைவலி தூங்கி எழுந்தும் போகவில்லை, வாந்தி வருகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் இறங்கிவிட வேண்டும். மருந்து தேடிக்கொண்டு உட்காரக் கூடாது.

இதில் துக்கக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்தில் தூங்கும்போது மூச்சு ஆழமாகி, குறைந்து, சில நொடி நின்று, திடுக்கென்று மறுபடி வரும். அது உடம்பு பழகும்வரை நடப்பதுதான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்பவருக்கு, அப்பா நினைப்பில் மூச்சு முட்டுகிறதா, ஹார்ட் அட்டாக்கா என்று புரியாது. இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பயம் குறையும். எழுந்து உட்காருங்கள், ரெண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், விளக்கைப் போட்டுக் கொஞ்சம் நேரம் இருங்கள். தூக்க மாத்திரையும் சாராயமும் அங்கே மூச்சை இன்னும் குறைத்துவிடும், இரண்டும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

11,000 அடியில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி லேசில் வேகாது, பருப்பை நினைக்கவே வேண்டாம். அவல், வறுத்த ரவையில் எல்லாம் கலந்து கொண்டுபோகும் உப்புமா, பருப்புப் பொடி, ஒரு சின்ன டப்பா நெய், புளிக்காய்ச்சல். சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்த அவலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டால் அந்தக் குளிரில் வேறெதுவும் வேண்டாம். பசிக்கவே இல்லை என்பவர்கள் கடலை மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோறு வேண்டாம் என்கிற வாய்கூட அதைக் கடித்துவிடும்.

சும்மா ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமே, மீன் எதற்கு?

உட்கார முடிந்தால் உட்காருங்கள். என்னால் முடியவில்லை. பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வராண்டா கண் முன்னால் வந்துவிடும். தியானம் பண்ணு என்று சொன்னவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கண்ணை மூடினால்தானே எல்லாம் தெரிகிறது. மீன் பிடிப்பதற்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நான் கொண்டுபோவது தென்காரா என்ற ஜப்பானியத் தூண்டில். ரீல் கிடையாது. பன்னிரண்டடிக் கழி, மடக்கினால் முதுகுப்பையின் ஓரத்தில் செருகிவிடலாம். கழியின் நுனியில் தூண்டில் நரம்பு, நரம்பு முனையில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ. ஊரில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி வாய்க்காலில் போட்டவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். தாமிரபரணி வாய்க்காலில் அப்பா எனக்குக் கொடுத்ததும் அப்படி ஒரு கழிதான். அங்கே தக்கை முங்குவதைப் பார்ப்போம், இங்கே ஈயைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் காற்று அடங்கும் நேரத்தில் ஏரிக்குள் ஓடை வந்து சேரும் வாய்க்குப் போங்கள். ஏரிக்குள் வரும் பூச்சியெல்லாம் அந்த வழியில்தான் மிதந்து வரும், மீன் அங்கேதான் வரிசையில் நிற்கும். பளிங்குத் தண்ணீர் என்பதால் நம் நிழல் பட்டாலே ஓடிவிடும். குனிந்து, முழங்காலில் நடந்து போக வேண்டும். ஈயை மேலே வைத்ததும் கீழேயிருந்து ஒரு நிறம் எழும். அவசரப்பட்டு இழுத்தால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், தாமதித்தால் துப்பிவிடும். அந்த அரை நொடிக்குள் வேறு எந்த நினைப்புக்கும் இடமில்லை. அதற்காகத்தான் மீன்.

கையில் வருவது தங்க ட்ரௌட். 1947 முதல் கலிஃபோர்னியாவின் மாநில மீன். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முதுகு ஆலிவ் பச்சை, விலா மஞ்சள், வயிறு குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு, விலா நெடுக வரிசையாகப் பத்து கருநீலப் பொட்டு. மற்ற ட்ரௌட்களுக்கு வளர்ந்ததும் பெரும்பாலும் இந்தப் பொட்டுகள் மறைந்துவிடும், இதற்கு மறையாது.

துக்க வருடத்தில் ஓர் உயிரை வதைக்கலாமா?

நியாயமான கேள்வி, எனக்குள்ளும் உண்டு. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பிடித்து விடும் மீனுக்கும் வலிக்கும், சில மீன்கள் விட்ட பிறகும் சாகும். வதையைக் குறைக்க வழி உண்டு. தூண்டில் முள்ளின் உள்பக்கம் பின்னோக்கி நிற்கும் சின்ன நாக்கைக் குறடால் நசுக்கிவிடுங்கள், சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், வறண்ட கை மீனின் மேல் வழவழப்பை உரித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். போட்டோவுக்காகத் தூக்கிப் பிடித்து நிற்காதீர்கள். நாலு கிடைத்தால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுவது என் வழக்கம். விதி அனுமதிக்கும் ஏரியில் ஒன்றிரண்டைப் பிடித்து உப்பு மிளகாய்த்தூள் தடவிச் சாப்பிடுவது, பத்து மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதைவிட நேர்மையானது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

இதில் ஒரு சிடுக்கு இருக்கிறது. இந்த மலையின் உச்சி ஏரிகள் பெரும்பாலானவற்றில் முதலில் மீனே இல்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. கட்டன்வுட் ஓடைக்குத் தங்க ட்ரௌட் வந்ததே 1876இல், பக்கத்து மல்கி ஓடையிலிருந்து பதின்மூன்று மீனை ஒரு காப்பிப் பாத்திரத்தில் தூக்கிவந்து விட்டதால்தான். பிற்காலத்தில் விமானத்திலிருந்தே மீன்குஞ்சுகளை ஏரிகளில் கொட்டினார்கள். அந்த மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்று, கூடவே ஒரு பூஞ்சை நோயும் சேர்ந்து, மஞ்சள்கால் மலைத்தவளை அழிவின் விளிம்புக்கு வந்தது. 2014இல் அதை அழியும் இனமாக அறிவித்தார்கள். தேசியப் பூங்கா ஏரிகள் சிலவற்றில் இப்போது வலை போட்டு ட்ரௌட்டை அப்புறப்படுத்துகிறார்கள், தவளைகள் திரும்பி வருகின்றன. ஆக, எந்த உயிரை விடுவது எந்த உயிரை எடுப்பது என்ற கேள்வியை நமக்கு முன்பே பலர் அந்த மலையில் குழப்பிவைத்திருக்கிறார்கள்.

மீனே சிக்காவிட்டால்?

சிக்காது, பல நாள். அவல் இருக்கிறது.

வழியில் அழுகை வந்தால்?

நில்லுங்கள். பையை இறக்கி வையுங்கள். இடுப்பு வாரைக் கழற்றுங்கள், அது வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தால் அழவும் முடியாது. பாதையை விட்டு நாலடி தள்ளி உட்கார்ந்து அழுது முடியுங்கள். அழுதுகொண்டே நடப்பதுதான் கூடாது. கண் மங்கலாக இருக்கும்போது ஓடைக் கல்லில் கால் வைத்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். அழுது முடித்ததும் தண்ணீர் குடித்து எதையாவது சாப்பிட்டுவிட்டு, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எதிரே வருபவர்கள் "ஆர் யூ ஓகே?" என்பார்கள். என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லலாம். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, அவர் மனைவி போனதைச் சொல்லிவிட்டு, பாதி ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குமேல் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. என்ன செய்ய?

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம், ஆனால் எப்போதும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். விசா ஸ்டாம்ப்பிங் சிக்கலில் ஊருக்குப் போக முடியாமல், வீடியோ காலில் கொள்ளி வைப்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூட இருந்து பார்க்காத அண்ணன் மேல் கோபம், "நீ இருந்திருந்தா" என்ற சித்தி மேல் கோபம், மூன்று வாரம் முன்பே டிக்கெட் போடாத தன் மேல் கோபம். எல்லாம் ஒரே ஆளுக்குள்.

கோபத்தில் நடை வேகமாகும். உயரத்தில் அது நல்லதில்லை, மூச்சு வாங்கி அரை மணி நேரத்தில் உட்காரவைத்துவிடும். கோபத்துக்கு நான் கண்ட வேலை முடிச்சுப் போடுவது. குளிரில் விறைத்த விரலோடு, முடி மாதிரியான நரம்பை ஈயின் ஊசிக்கண்ணில் கோத்து, ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இழுக்க வேண்டும். கோபத்தில் இழுத்தால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அண்ணன் சரி, நான் சரி என்ற வழக்கு அந்த முடிச்சால் தீராது. ஆனால் அடுத்த நாள் அவனுக்கு அனுப்ப மனதுக்குள் எழுதிவைத்திருந்த நீளமான வாட்ஸ்அப் செய்தியை, சிக்னல் வந்த பிறகும் அனுப்பாமல் இருக்கும் அளவுக்கு ஆறிவிடும். இரண்டு நாள் சிக்னல் இல்லாததன் உண்மையான பயன் இதுவாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு இல்லையா?

சாமான் விலையைப் பார்த்தால் ஆமாம். ஆனால் லோன் பைனுக்கு வடக்கே 395 சாலையோரத்தில் மன்சனார் இருக்கிறது, ஒருமுறை இறங்கிப் பாருங்கள். 1942 முதல் 1945 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களைக் குற்றம் ஏதுமின்றி அடைத்துவைத்த முகாம். வீடு, கடை, படகு எல்லாம் போன மனிதர்கள். அவர்களில் சிலர் ராத்திரியில் முள்வேலிக்கு அடியில் நுழைந்து, காவல் கோபுர வெளிச்சத்துக்குத் தப்பி, ஓடைகளில் மீன் பிடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பினார்கள். துணிந்தவர்கள் இந்த உச்சி ஏரிகள்வரை தங்க ட்ரௌட்டைத் தேடி ஏறினார்கள். ஹெய்ஹாச்சி இஷிகாவா என்பவர் பிடித்த மீன்களோடு நிற்கும் படம் ஒன்று உண்டு. எடுத்தவர் டோயோ மியடாகே, முகாமுக்குள் லென்ஸைக் கடத்திவந்து மரப்பெட்டியில் கேமரா செய்துகொண்ட கைதி. சுடப்படலாம் என்று தெரிந்தும் அவர்கள் போனது பொழுதுபோக்குக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

பெண் தனியாகப் போவது பாதுகாப்பா?

ஊரில் ராத்திரி பஸ் ஏறுவதைவிடப் பயம் குறைவாகத்தான் உணர்ந்திருக்கிறேன். எங்கே தங்குகிறேன் என்று வழியில் கேட்பவர்களிடம் சரியான ஏரியைச் சொல்ல மாட்டேன். "கூட வர்றவங்க பின்னாடி வர்றாங்க" என்று சொல்லக் கூச்சப்பட மாட்டேன்.

தமிழ்நாட்டில் இப்படிப் போக முடியுமா?

இதே மாதிரி முடியாது. நீலகிரியில் ட்ரௌட் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது, அவலாஞ்சியில் பொரிப்பகம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தனியாகத் தங்குவது குற்றம், யானையும் காட்டெருமையும் உள்ள காட்டில் அது நியாயமும்கூட. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்ததை மறக்க வேண்டாம். 2024இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு போகும் 40 பாதைகள் இருக்கின்றன. முன்னால் வழிகாட்டி நடக்க, பின்னால் பேசாமல் வருவதும் நல்ல தனிமைதான். தூண்டிலுக்கு உங்கள் ஊர்க் குளத்தங்கரை போதும்.

அம்மாவிடம் என்ன சொல்வது?

பொய் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒருவரை இழந்தவர், போன் எடுக்கவில்லை என்றால் அவர் மனது எங்கெங்கோ போகும். "மலைக்குப் போறேன்மா, டவர் இருக்காது, எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி, உனக்குத் திங்கக்கிழமை காலைல, காப்பி குடிக்கிற நேரத்துல கூப்பிடுவேன்." கோடையில் நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணி, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். திட்டுவார். தனியாகவா என்பார். மீனா, எதுக்குடி என்பார். பிறகு ஸ்வெட்டர் எடுத்தியா என்று கேட்பார், அதுவரை பேசுங்கள்.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இறங்கிய அன்றே ஆறேழு மணி நேரம் கார் ஓட்டி, சான் ஹோசே இருக்கும் பே ஏரியாவுக்கு வராதீர்கள். உடம்பு களைத்திருக்கும், மனதும் திறந்து கிடக்கும், டெஹாச்சபி பக்கம் லாரிகளுக்கு நடுவே கண் சொக்கும். லோன் பைனில் ஒரு ரூம் போட்டுத் தூங்குங்கள். சிக்னல் வந்ததும் முதல் செய்தி, காகிதம் எழுதிக் கொடுத்த ஆளுக்குத்தான்: "இறங்கிட்டேன்." மற்ற நூறு செய்திகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கு மறுநாள் ஒரு லீவு சேர்த்துப் போட்டு வையுங்கள். கூடாரத்தைக் காயவைக்க எப்படியும் ஒரு பகல் வேண்டும்.